ஸ்லாட் மெஷினில் சாதகமான நேரம்: ஏறும் மீட்டரைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லாஸ் வேகாஸின் பெரிய கேசினோக்களில் காசு போட்டுச் சின்னங்கள் உள்ள உருளைகளைச் சுழற்றும் ஸ்லாட் மெஷின்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, ஒரே தளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் ஆடுபவருக்குச் சாதகமாக நிற்பவை, எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும், விரல்விட்டு எண்ணும் அளவுதான். பல நாள் ஒன்றுகூட இருக்காது. அந்த ஒன்றை எப்படி அடையாளம் காண்பது, கண்டபின் எவ்வளவு பணத்தோடு உட்காருவது, எப்போது எழுவது என்பதை இங்கே சொல்கிறேன். லாஸ் வேகாஸ் இருக்கும் அமெரிக்க மாநிலமான நெவாடாவின் கேசினோக்களை வைத்தே எழுதுகிறேன். இந்தக் கலை வளர்ந்ததும் இன்று அதிகம் நடப்பதும் அங்கேதான்.

கணக்கு வராதவர்கள் பயப்பட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். பொறுமைதான் கொஞ்சம் அதிகம் வேண்டும்.

முதல் படி: காதில் விழுந்ததையெல்லாம் கழித்துவிடுங்கள்

"இந்த மெஷின் ரொம்ப நேரமாகக் கொடுக்கவில்லை, இனி கொடுத்துத்தான் ஆகணும்" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வார். "இப்போதுதான் ஜாக்பாட் விழுந்தது, இனி விழாது" என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. ஒவ்வொரு ஸ்பின்னின் முடிவையும் உள்ளே ஓடும் ரேண்டம் எண் நிரல் ஒன்று தீர்மானிக்கிறது. போன ஸ்பின்னில் என்ன வந்தது என்பது அதற்குத் தெரியாது. வாசலருகே உள்ள மெஷின், வெள்ளிக்கிழமை இரவு, பொத்தானை அழுத்தும் வேகம், உறுப்பினர் அட்டையைச் செருகியது, செருகாதது என எதுவும் அந்த எண்ணை அசைக்காது.

கண்ணுக்குத் தெரியும் உருளைகளையும் நம்பாதீர்கள். 1984-ல் இங்கெ டெல்னாஸ் (Inge Telnaes) என்பவர் பெற்ற காப்புரிமைக்குப் பிறகு, உருளையில் 22 இடங்கள் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் மெய்நிகர் உருளையில் அதைவிடப் பல மடங்கு இடங்கள் இருக்கலாம் என்றாகிவிட்டது. பெரிய பரிசுச் சின்னத்துக்கு அதில் ஓர் இடம்தான் இருக்கும். அதை ஒட்டிய வெற்று இடங்களுக்கோ பல இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். "ஒரு கட்டம் தள்ளிப்போச்சே" என்று மனம் துடிக்கிற அந்தக் காட்சி அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுதான். தள்ளிப்போனதற்கும் நெருங்கி வந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

நெவாடா சட்டப்படி ஒரு மெஷின், போடும் பந்தயத்தில் குறைந்தது 75 சதவீதத்தைத் திருப்பித் தரும்படி அமைந்திருக்க வேண்டும். நடைமுறையில் தருவது அதைவிட அதிகம். அந்த மாநிலத்தின் கேமிங் கண்ட்ரோல் போர்டு மாதாமாதம் வெளியிடும் கணக்குகளைப் பார்த்தால், ஒரு சென்ட் அலகில் ஆடும் பென்னி மெஷின்களில் போட்ட ஒவ்வொரு 100 டாலருக்கும் சுமார் 10 டாலர் கேசினோவிடம் தங்குகிறது. டாலர் மெஷின்களில் அது குறைவு. ஆனால் குறைவாக இழப்பதைச் சாதகம் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் படி: சாதகம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஸ்பின்னுக்கு நினைவு கிடையாது. ஆனால் சில மெஷின்களில் ஸ்பின்னுக்கு வெளியே ஒரு நினைவு இருக்கிறது. ஏறிக்கொண்டே போகும் ஜாக்பாட் மீட்டர், பாதி நிரம்பிய கட்டங்கள், மேலே வந்துகொண்டிருக்கும் குமிழி என்று முன்பு ஆடியவரின் காசில் சேர்ந்த ஏதோ ஒன்று திரையில் தங்கிவிடுகிறது. அவர் எழுந்து போய்விட்டால் அது அடுத்து உட்காருபவருக்கு. இந்தத் தொழிலின் மொத்த மூலதனமும் இதுதான்: இன்னொருவர் சேர்த்துவைத்து, முடிக்காமல் போன ஒன்று. 1990களில் வந்த உண்டியல் பன்றி மெஷின்களில் தொடங்கிய வேட்டை இது. உண்டியல் நிறையும்வரை சிலர் காத்திருந்து, நிறைந்தபின் மட்டும் உட்காருவார்கள்.

எண் பெரிதாக இருந்தாலே சாதகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெகாபக்ஸ் என்ற ஜாக்பாட் 1986 முதல் நெவாடா முழுவதும் இணைக்கப்பட்டு ஏறி வருகிறது. 2003 மார்ச்சில் எக்ஸ்காலிபர் கேசினோவில் விழுந்த தொகை 3 கோடியே 97 லட்சம் டாலர். ஆனால் அது விழும் வாய்ப்பு சுமார் 5 கோடியில் ஒன்று, அதற்கு உச்சவரம்பும் இல்லை. நமக்கு வேண்டியது உச்சவரம்பு உள்ள மீட்டர்.

மூன்றாம் படி: "விழுந்தே தீரும்" மெஷின்களைத் தேடுங்கள்

சில மெஷின்களின் மேல்திரையில் ஜாக்பாட் தொகைக்குப் பக்கத்தில் "மஸ்ட் ஹிட் பை 500" என்று எழுதியிருக்கும். 500 டாலரைத் தாண்டுவதற்குள் அந்த ஜாக்பாட் யாருக்காவது விழுந்தே தீரும் என்பது பொருள். சிறியதற்கு 50, பெரியதற்கு 500, சிலவற்றில் 5,000 என்று வரம்புகள் இருக்கும். வழக்கமாக இது நடக்கும் விதம்: ஜாக்பாட் விழுந்து மீட்டர் தொடக்கத் தொகைக்குத் திரும்பும்போதே, அடுத்து எந்தத் தொகையில் விழ வேண்டும் என்று மெஷின் ரகசியமாக ஓர் எண்ணைத் தேர்ந்துவிடும். யாருடைய பந்தயம் மீட்டரை அந்த எண்ணுக்கு நகர்த்துகிறதோ அவருக்குப் பரிசு.

இதைக் கணக்காகப் பார்ப்போம். இரண்டு எண்கள் வேண்டும்.

ஒன்று, மீட்டர் ஏறும் வேகம். அதை நீங்களே அளக்கலாம். தனி மெஷினாக இருந்தால் 20 டாலர் அளவுக்குப் பந்தயம் போடும்போது மீட்டர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 10 சென்ட் ஏறினால் வேகம் 0.5 சதவீதம். ஜெயித்துத் திரும்பி வந்த காசை மறுபடி போடுவதும் பந்தயம்தான் என்பதை மறக்காதீர்கள். 20 டாலர் நோட்டைச் செருகியது கணக்காகாது, போட்ட பந்தயங்களின் கூட்டுத்தொகைதான் கணக்கு. பல மெஷின்கள் ஒரே மீட்டரில் இணைந்திருந்தால் மற்றவர்கள் ஆடாத நேரத்தில்தான் அளக்க முடியும்.

இன்னொன்று, அந்த ஜாக்பாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மெஷின் டாலருக்கு எவ்வளவு தின்னும் என்பது. இதை யாரும் திரையில் எழுதிவைக்க மாட்டார்கள். பென்னி மெஷினின் பொதுவான இழப்பு 10 சதவீதம் என்றால், ஜாக்பாட்டைக் கழித்தபின் அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். நான் 12 என்று வைத்துக்கொள்கிறேன். நமக்குப் பாதகமாகவே ஊகிப்பது பாதுகாப்பு.

இப்போது, 500-க்குள் விழ வேண்டிய மீட்டர் 440-ல் நிற்கிறது. மீதி 60 டாலர். நீங்கள் போடும் ஒவ்வொரு டாலரும் மீட்டரை அரை சென்ட் நகர்த்துகிறது. ரகசிய எண் அந்த அரை சென்ட்டுக்குள் இருக்கும் வாய்ப்பு 12,000-ல் ஒன்று. பரிசு 440. ஆக, உங்கள் ஒரு டாலருக்கு ஜாக்பாட்டிலிருந்து சராசரியாகக் கிடைப்பது 3.7 சென்ட்தான். மெஷின் தின்பது 12 சென்ட். நஷ்டம்.

480-க்கு வந்துவிட்டது என்றால் மீதி 20. வாய்ப்பு 4,000-ல் ஒன்று. 480-ஐ 4,000-ஆல் வகுத்தால் 12 சென்ட். தின்பதும் தருவதும் சமம்.

490-ல் வாய்ப்பு 2,000-ல் ஒன்று, டாலருக்கு 24.5 சென்ட் வருகிறது. இப்போது ஒவ்வொரு ஸ்பின்னும் உங்கள் பக்கம். பத்து டாலர் ஏற்றம் எப்படி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது பாருங்கள். வரம்பை நெருங்க நெருங்க வாய்ப்பு சீராகக் கூடாமல் பாய்ந்து கூடுகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே ஒரு நுட்பம். 480-க்கு முன்பே உட்கார்ந்தாலும், ஜாக்பாட் விழும்வரை எழாமல் ஆடினால், தொடக்கத்தில் இழப்பதைப் பின்பகுதி ஈடுகட்டிவிடும். அந்த முழுப் பயணத்துக்கான சமநிலைப் புள்ளி இந்த மெஷினில் 460. அதற்கான வழி சுலபம்: இழப்பு சதவீதத்தை ஏறும் வேகத்தால் வகுங்கள், 12-ஐ 0.5-ஆல் வகுத்தால் 24. வரம்பை 23-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 460. அதாவது வந்த எண்ணில் ஒன்று குறைத்துப் பெருக்க வேண்டும், ஒன்று கூட்டி வகுக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பின்னும் சாதகமாகும் புள்ளி வேண்டுமென்றால், 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுங்கள்: 480.

மீட்டர் 1 சதவீத வேகத்தில் ஏறினால் இந்த இரு புள்ளிகளும் சுமார் 423, 462 ஆக இறங்கிவிடும். 0.3 சதவீதம்தான் என்றால் 476, 488 ஆக ஏறிவிடும். ஒரே "500" என்ற எழுத்து, ஆனால் மெஷினுக்கு மெஷின் இத்தனை வித்தியாசம். அளக்காமல் உட்காரக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

460-க்கும் 480-க்கும் இடையே இருக்கும் பகுதி ஆபத்தானது. ஒருமுறை 462-ல் உட்கார்ந்தேன். கணக்கு சரி, சமநிலையைத் தாண்டிய எண். ஆனால் கையில் இருந்தது 500 டாலர். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆடி, மீட்டரை 484 வரை நானே ஏற்றிவைத்தேன், பணம் தீர்ந்தது. எழுந்து ஏ.டி.எம். பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோதே வேறொருவர் உட்கார்ந்தார். அவருக்கு விழுந்த காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை. 22 டாலர் ஏற்றத்துக்கு 4,400 டாலர் பந்தயம் சுழல வேண்டும், அதில் 12 சதவீதம் 528 டாலர் என்பதை உட்காரும் முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நல்ல பகுதியின் வாசல்வரை போக நான் செலவழித்தேன், உள்ளே போனது வேறொருவர். புதியவர்கள் 480-ஐயே, அதாவது இரண்டாவது புள்ளியையே, எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எந்த ஸ்பின்னில் எழுந்தாலும் கணக்குப்படி நஷ்டமில்லை.

நான்காம் படி: கையிருப்பைக் கடைசி எல்லைக்குக் கணக்கிடுங்கள்

485-ல் ஒரு மெஷின் கிடைத்தது என்று வைப்போம். சராசரியாக 7.50 டாலர் ஏறியதும் விழும். அதற்கு 1,500 டாலர் பந்தயம் சுழல வேண்டும், இழப்பு 180 டாலர், பரிசு சராசரி 492.50. எதிர்பார்க்கும் லாபம் 312 டாலர் சொச்சம். இந்தச் சராசரியை நம்பி 180 டாலரோடு உட்காராதீர்கள். மோசமான நிலையில் 500 வரை போகும்: 3,000 டாலர் சுழற்சி, இழப்பு 360. அதுவும் சராசரி இழப்புதான், உங்கள் அதிர்ஷ்டம் அதைவிட மோசமாக இருக்கலாம். நான் கடைசி எல்லை இழப்பைப் போல இரண்டரை மடங்கு வைத்துக்கொள்வேன், இங்கே 900 டாலர். அது இல்லாத நாளில் இந்த மெஷினைக் கடந்து போய்விடுவேன்.

ஜாக்பாட்டுக்குத் தகுதி தரும் பந்தயங்களில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். மீட்டர் நகர்வது பந்தயத்தின் மொத்தத்தைப் பொறுத்தது. பெரிய பந்தயம் வாய்ப்பைக் கூட்டாது, ஏற்ற இறக்கத்தைத்தான் கூட்டும். இணைந்த மெஷின் வரிசையில் பலர் போட்டிக்கு உட்கார்ந்துவிட்டால் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். அங்கே உங்கள் பங்கு நீங்கள் போடும் வேகத்துக்கு ஏற்பத்தான் அமையும்.

ஐந்தாம் படி: மிச்சம் வைத்துப் போன திரைகள்

மீட்டரே இல்லாத சாதகமும் உண்டு. ஐ.ஜி.டி. நிறுவனத்தின் ஓஷன் மேஜிக் மெஷினில் குமிழிகள் கீழிருந்து ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் ஒரு கட்டம் மேலேறும். குமிழி நிற்கும் கட்டம் எந்தச் சின்னத்துக்கும் ஈடாகும் வைல்டு ஆகிவிடும். ஒருவர் எழுந்து போகும்போது குமிழிகள் அப்படியே நிற்கும். அதே நிறுவனத்தின் ஸ்காரப் மெஷினில் பத்து ஸ்பின் ஒரு சுற்று. வண்டுச் சின்னம் விழுந்த கட்டங்களுக்குத் தங்கச் சட்டம் மாட்டப்படும், பத்தாவது ஸ்பின்னில் சட்டம் மாட்டிய கட்டமெல்லாம் வைல்டு. ஏழாவது ஸ்பின்னில் சலித்துப்போய் எழுந்தவரின் திரையில் ஏழெட்டுச் சட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தால், மூன்று ஸ்பின் ஆடிவிட்டுப் போகலாம்.

பார்க்க வேண்டியது எண்ணிக்கையை மட்டும் அன்று, இடத்தையும். வரிசைகள் இடமிருந்து வலமாகப் பரிசு தருவதால், முதல் இரண்டு மூன்று உருளைகளில் உள்ள வைல்டுக்குத்தான் மதிப்பு. ஐந்தாவது உருளையில் மட்டும் சட்டங்கள் நின்றால் நான் உட்கார மாட்டேன்.

இந்த நிலை ஒவ்வொரு பந்தய அளவுக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். 50 சென்ட் பந்தயத்தில் ஒன்றுமில்லாத மெஷின் 1 டாலர் பந்தயத்தில் நிறைந்து நிற்கலாம். பந்தயப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். சிலவற்றில் காசு போடாமலே தெரியும், சிலவற்றில் ஒரு டாலர் நோட்டைச் செருகினால்தான் காட்டும். பார்த்துவிட்டு அந்த நோட்டை, பிறகு பணமாக மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுத்துக்கொண்டு நகரலாம்.

பத்தாவது ஸ்பின் முடிந்ததும் எழுங்கள். அந்த நொடியில் திரை வெறுமையாகிவிடும், நீங்கள் சாதாரண ஆட்டக்காரர் ஆகிவிடுவீர்கள். "இன்னும் ஒரு சுற்று பார்ப்போம்" என்று தோன்றுவதுதான் இந்த வகையில் மிகப் பெரிய செலவு.

ஆறாம் படி: போலிகளை அடையாளம் காணுங்கள்

88 ஃபார்ச்சூன்ஸ் போன்ற மெஷின்களில் தங்கக் காசுப் பானை நிறைந்து வழிவதுபோல் காட்டும். பார்த்தால் இதோ வெடிக்கப் போகிறது என்றே தோன்றும். அது வெறும் சித்திரம். பானை காலியாக இருந்தாலும் வழிந்தாலும் ஜாக்பாட் சுற்று தற்செயலாகவே வரும். அதே வடிவத்தில் பானை, பன்றி, மணி என்று இப்போது எத்தனையோ மெஷின்கள் வந்துவிட்டன, புதிய வேட்டைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இவற்றில்தான்.

பிரித்தறிய ஒரே வழி மெஷினின் ஹெல்ப் திரை. விதிகள் முழுவதையும் பொறுமையாகப் படியுங்கள். சின்னங்கள் "இத்தனை சேர்ந்தால்" இது கிடைக்கும் என்று எண்ணோடு சொல்லியிருந்தால் உண்மையான நினைவு உள்ள மெஷின். "எந்த ஸ்பின்னிலும் தற்செயலாக" என்று இருந்தால் போலி. எண் எழுதாத எதையும் நான் போலி என்றே கொள்கிறேன்.

ஏழாம் படி: இலவச ஆட்டமும் வீடியோ போக்கரும்

உறுப்பினர் அட்டை எடுப்பவர்களுக்கு கேசினோ தரும் இலவச ஆட்டத் தொகையை ஒருமுறை முழுதாகச் சுழற்றிவிட்டு, வந்ததை எடுத்துக்கொண்டு போவது எளிய சாதகம். 20 டாலருக்குச் சராசரியாக 18 வரும். ஆனால் அட்டையில் சேரும் புள்ளிகளுக்காகச் சாதாரண மெஷினில் ஆடுவது, 10 சதவீதம் கொடுத்து அரை சதவீதத்துக்கும் குறைவாகத் திரும்பப் பெறுவது.

திரையில் சீட்டுகளை வைத்து ஆடும் வீடியோ போக்கர் தனி உலகம், அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அதில் பரிசு அட்டவணையைப் பார்த்தே மெஷினின் முழுத் திருப்பத்தையும் கணக்கிட முடியும். ஜாக்ஸ் ஆர் பெட்டர் என்ற வகையில், ஃபுல் ஹவுஸ் என்ற சீட்டுச் சேர்க்கைக்குப் பந்தயத்தைப் போல 9 மடங்கும், ஃப்ளஷ் என்ற சேர்க்கைக்கு 6 மடங்கும் தரும் மெஷின் பிழையற்ற ஆட்டத்தில் 99.54 சதவீதம் திருப்பும். அதையே 8, 5 என்று குறைத்தால் 97.3. ஃபுல் பே டியூசஸ் வைல்டு என்ற இன்னொரு வகையில் 100.76 சதவீதம். ஆட்டக்காரர் பக்கம் சாய்ந்த அரிய அட்டவணை இது, லாஸ் வேகாஸின் முக்கியச் சாலையான ஸ்ட்ரிப்பின் பெரிய விடுதிகளை விட்டு விலகித்தான் தேட வேண்டும்.

எட்டாம் படி: நாகரிகமும் சட்டமும்

ஆடிக்கொண்டிருப்பவரின் தோளுக்குப் பின்னால் நின்று அவர் எழக் காத்திருக்காதீர்கள். மீட்டரைத் தூரத்திலிருந்தே படிக்கலாம். நாற்காலியில் கோட்டோ கோப்பையோ இருந்தால் அது அவருடைய இடம். மெஷினில் யாரோ மறந்துவிட்டுப் போன மீதிப் பணத்தையோ (கிரெடிட்) டிக்கெட்டையோ எடுத்தால் திருட்டுப் புகாரில் போய் முடியும். அவர் விட்டுப்போன குமிழி உங்களுடையது, அவர் விட்டுப்போன ஒரு டாலர் உங்களுடையது ஆகாது. சாதகமான மெஷினைத் தேடி ஆடுவது நெவாடாவில் குற்றமில்லை, ஆனால் கேசினோ தனியார் இடம். போகச் சொன்னால் வாதிடாமல் போய்விடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டோடு போகிறவர்கள் வரியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே அடியில் விழும் ஸ்லாட் ஜாக்பாட் ஒரு வரம்பைத் தாண்டினால் படிவம் நிரப்ப வேண்டும். வெகுகாலம் 1,200 டாலராக இருந்த அந்த வரம்பு 2026 முதல் 2,000. அந்த இடத்தில் வெளிநாட்டவருக்கு 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், சூதாட்ட வருமானத்துக்கு இந்தியாவோடு விலக்கு ஒப்பந்தம் இல்லை. 5,000 டாலர் மீட்டரில் 3,500 தான் கைக்கு வரும் என்றால் மேலே போட்ட கணக்கு அத்தனையும் கவிழ்ந்துவிடும். 500 டாலர் மீட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை, நமக்கு ஏற்றது அதுதான்.

சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்குள்ள இரண்டு கேசினோக்களுக்குள் நுழையவே ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். இந்த வழிகாட்டியின் முறையில் அதை ஈடுகட்டும் மெஷின் கிடைக்குமா என்று தெரியாமலே அந்தப் பணத்தைக் கட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் ஒருவர் கட்டுப்பாடில்லாமல் ஆடுகிறார் என்றால், அவரைக் கேசினோவுக்குள் விடாதபடி குடும்பத்தாரே தடையாணை கேட்க அங்கே வழி இருக்கிறது.

கைப்பேசியில் வரும் ஸ்லாட்களுக்கு இதில் எதையும் பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே யாரும் எழுந்து போன நாற்காலி கிடையாது. தவிர, தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியா முழுமைக்கும் 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்கின்றன.

ஒன்பதாம் படி: நடையும் நோட்டும்

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கேசினோவுக்குள் நுழைந்ததும் எந்த நாற்காலியிலும் உட்காராமல் ஒரு முழுச் சுற்று நடங்கள். வரம்பு எழுதிய ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வரி: இடம், வரம்பு, இன்றைய எண், நேரம், அளந்திருந்தால் ஏறும் வேகம். மறுநாள் அதே சுற்று. காலையில் 451, மாலையில் 458, மறுநாள் 466 என்று நோட்டில் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க, அது எப்போது 480-ஐத் தொடும் என்று உங்களுக்கே பிடிபடும். அன்றைக்குப் போய்ப் பார்க்கும்போது அது விழுந்து தொடக்கத் தொகைக்குத் திரும்பியிருக்கலாம். அந்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள், எந்தத் தொகையிலிருந்து மறுபடி தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கே விழுந்தால், மீட்டர் கீழே இறங்கிய அந்தக் கணமே டிக்கெட் எடுக்கும் பொத்தானை அழுத்துங்கள். தொடங்கிய எண், விழுந்த எண், போட்ட பணம், எடுத்த பணம் நான்கையும் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் எழுதுங்கள். பிறகு அடுத்த வரிசைக்கு நடங்கள்.